டயல் புதிதாகப் பளபளக்கும் பழைய சீமாஸ்டர்: வாங்கலாமா?

சென்னையில் ஒருவர் விற்கும் 1960களின் ஒமேகா சீமாஸ்டர் ஆட்டோமேட்டிக் வாட்ச்சின் முன்பக்கப் படத்தை மட்டும் போட்டு, "டயல் புத்தம் புதிதாக இருக்கிறது, ஒரிஜினல் ஸ்விஸ் மெஷின், 24 ஜுவல்ஸ், சர்வீஸும் முடிந்தது என்கிறார், கேட்கும் விலைக்கு வாங்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் மூன்று கேள்விகள் கலந்து கிடக்கின்றன. வாட்ச் அசல்தானா? அசல் என்றால் நல்ல நிலையில் இருக்கிறதா? நல்ல நிலையில் இருந்தால் அந்த விலை பெறுமா? ஒவ்வொன்றுக்கும் பார்க்க வேண்டிய இடம் வேறு. மெஷின் அசலாக இருந்து டயல் மறுபூச்சாக இருக்கலாம். எல்லாமே அசலாக இருந்து உள்ளே துரு ஏறியிருக்கலாம். அருமையாக ஓடுகிற வாட்ச்சுக்குச் சந்தையில் விலை இல்லாமலும் போகலாம்.

உங்களுக்குப் பிடித்துப்போன அந்தப் புத்தம் புது டயல்தான் எனக்கு முதல் சந்தேகத்தைத் தருகிறது. அறுபது வருடம் கடந்த டயலில் மெல்லிய நிறமாற்றம், ஓரத்தில் ஒன்றிரண்டு புள்ளி, வெள்ளி நிறம் லேசாகப் பழுப்பேறியிருப்பது எல்லாம் இயல்பு. நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் டயல்கள் சீக்கிரம் கறுத்துவிடும். மாற்று டயல் கிடைக்காத காலத்தில் பழையதைச் சுரண்டிப் புதிதாக வண்ணம் பூசி எழுத்து அச்சடித்துக் கொடுத்தார்கள். அன்றைக்கு அது ஏமாற்று வேலை இல்லை. நேரம் பார்க்க டயல் வேண்டும், அவ்வளவுதான். இன்று அதே வேலை விற்பனைக்காக மொத்தமாக நடக்கிறது. இப்படிப்பட்ட வாட்ச்களை உலகம் முழுக்கச் சேகரிப்பாளர்கள் "மும்பை ஸ்பெஷல்" என்றே அழைக்கிறார்கள். அடர்நீலம், ஆரஞ்சு, இரட்டை வண்ணம் என்று கண்ணைப் பறித்தால் உடனே கண்டுகொள்ளலாம். உங்கள் படத்தில் இருப்பதுபோல் அடக்கமான வெள்ளையில் செய்திருந்தால்தான் கஷ்டம்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் எழுத்துகள். ஆலை அச்சில் ஒவ்வொரு எழுத்தும் வெட்டியதுபோல் விளிம்பு கூராகவும், மை லேசாக மேடிட்டும் இருக்கும். மறுபூச்சில் விளிம்பு கசிந்து, ஒரே சொல்லுக்குள் ஒரு கோடு தடித்தும் இன்னொன்று மெலிந்தும் வரும். சாய்வெழுத்தில் இருக்கும் "சீமாஸ்டர்" என்ற சொல்லின் வளைவுகளைப் பாருங்கள். கை தடுமாறியிருந்தால் அங்கேதான் தெரியும். அடுத்தது நிமிடக் கோடுகள். மணிக்குறியின் நடுவும் அதற்கு நேரான நிமிடக் கோடும் பிசகாமல் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். ஒரு மயிரிழை விலகியிருந்தாலும் அது ஆலை வேலை இல்லை. பதித்த மணிக்குறிகளின் அடியில் வண்ணம் குளம்போலத் தேங்கியிருக்கிறதா, தேதி ஜன்னலின் விளிம்பு மழுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கீழே ஆறு மணி அருகே இருக்கும் "ஸ்விஸ் மேட்" காணாமல் போயிருந்தாலோ, நடுவே தூக்கி அச்சிட்டிருந்தாலோ சந்தேகப்படுங்கள். அசலில் அது டயலின் விளிம்பை ஒட்டி, சில சமயம் கேஸின், அதாவது வாட்ச்சின் வெளிக்கூட்டின், ஓரத்துக்குள் பாதி மறைந்தபடிகூட இருக்கும்.

இரவில் ஒளிரும் பூச்சும் ஒரு சாட்சி. 1960களில் ரேடியம் என்ற கதிரியக்கப் பொருளுக்குப் பதில் டிரிட்டியம் என்ற இன்னொன்று வந்தபோது, "ஸ்விஸ் மேட்" சொற்களுக்கு இருபுறமும் "டி" என்ற எழுத்தைச் சேர்த்தார்கள். அந்த எழுத்து இருந்து டயலில் எங்குமே ஒளிப்பூச்சு இல்லை என்றாலோ, டயலில் பூச்சு இருந்து முட்களில் இல்லை என்றாலோ ஏதோ ஒன்று மாற்றப்பட்டிருக்கிறது. டிரிட்டியத்தின் அரை ஆயுள், அதாவது அதன் வீரியம் பாதியாகக் குறையும் காலம், சுமார் 12 வருடம், அதனால் இன்று அது இருட்டில் மினுங்கவே கூடாது. பிரகாசமாக மினுங்கினால் புதிதாகப் பூசியது. ரேடியத்தின் கதை வேறு. அதன் அரை ஆயுள் 1,600 வருடம். ஒளி மங்கியது பூச்சில் இருக்கும் வேதிப்பொருள் தேய்ந்ததால்தான். கதிர்வீச்சு அப்படியே இருக்கிறது. 1950களின் டயல் என்றால் வீட்டில் வைத்துத் திறந்து சுரண்டிப் பார்க்காதீர்கள். அந்தத் தூள் மூச்சுக்குள் போவதுதான் ஆபத்து.

முட்களின் நீளத்தையும் கவனியுங்கள். நிமிட முள் நிமிடக் கோட்டைத் தொட வேண்டும், மணி முள் மணிக்குறியின் உள்முனை வரை வர வேண்டும். குட்டையாக நின்றால் வேறு வாட்ச்சின் முள். பழைய பிளாஸ்டிக் கண்ணாடியின் நட்டநடுவே, உள்பக்கமாக, ஒமேகா சின்னம் தூசி அளவுக்குப் பொறிக்கப்பட்டிருக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் லென்ஸில் தெரியும். அது இல்லாவிட்டால் பதற வேண்டாம். கண்ணாடியும், சாவி கொடுக்கும் குமிழான கிரவுனும் தேய்ந்து மாற்றக்கூடியவை, மதிப்பை அதிகம் குறைக்காது.

இனி பின்மூடி. இதைத் திறக்காமல் பணம் கொடுக்கக் கூடாது. "திறக்க முடியாது" என்று விற்பவர் சொன்னால் அது உண்மையாகவும் இருக்கலாம். சீமாஸ்டர் டி வில் வகையில் சில ஒரே துண்டில் வார்த்த கேஸ்கள். கண்ணாடியைக் கழற்றி, இரண்டாகப் பிரியும் கிரவுன் தண்டை இழுத்து, முன்பக்கமாகத்தான் மெஷினை எடுக்க வேண்டும். அப்படியானால் கருவி வைத்திருக்கும் மெக்கானிக் கடையிலேயே சந்தியுங்கள். மற்ற கேஸ்களில் மூடியின் உள்பக்கம் ஒமேகா முத்திரையும் மாடல் எண்ணும் இருக்கும். 1960களில் வந்த எண்முறையில் 165 என்று தொடங்கினால் தேதி இல்லாத ஆட்டோமேட்டிக், 166 என்றால் தேதியோடு, 168 என்றால் தேதியோடு, துல்லியச் சோதனையில் தேறியதற்கான குரோனோமீட்டர் சான்றும் உள்ளது. ஆக, 165 என்று தொடங்கும் மூடிக்கு மேல் தேதி ஜன்னலோடு டயல் இருந்தால் அது இரண்டு வாட்ச்களின் கலவை. மெஷினில் அதன் வகை எண் பொறித்திருக்கும்: சான்று பெறாதவற்றில் பெரும்பாலும் தேதி இல்லாததில் 552, தேதியோடு 562 அல்லது 565. வரிசை எண்ணும் மெஷினிலேயே இருக்கும். ஏறத்தாழ 2 கோடி என்றால் 1963 வாக்கில், 2 கோடியே 50 லட்சம் என்றால் 1967 வாக்கில் தயாரானது. இதில் ஓரிரு வருடம் முன்பின் ஆகலாம். 1960களின் மாடல் எண் கொண்ட மூடிக்குள் 1950களின் மெஷின் இருந்தால் யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

24 ஜுவல்ஸ் என்று அழுத்திச் சொன்னாராம். அந்தக் கற்கள் செயற்கை மாணிக்கம். சக்கரத் தண்டுகள் தேயாமல் சுழலத் தாங்கியாக வைப்பது, விலை மதிப்பு எதுவும் கிடையாது. இதே மெஷின் குடும்பத்தில் 17 கற்களோடு 550 என்ற ஒன்று அமெரிக்காவுக்குப் போனது. காரணம், 17-க்கு மேல் கல் இருந்தால் அங்கே சுங்க வரி அதிகம். 17 கல் மெஷின் மட்டம், 24 கல் மெஷின் உசத்தி என்று கணக்குப் போட முடியாது.

மூடி திறந்திருக்கும்போதே மெஷினின் உடல்நிலையையும் பார்த்துவிடலாம். அந்தக் கால ஒமேகா மெஷின்களுக்குச் செம்பு கலந்த தங்கநிறப் பூச்சு உண்டு. சக்கரங்களைத் தாங்கிப் பிடிக்கும் தகடுகளான பாலங்கள் எல்லாம் ஒரே சாயலில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் வெளிறியோ சிவந்தோ இருந்தால் அது வேறு மெஷினிலிருந்து வந்த உறுப்பு. திருகுகளின் பிளவு சிதைந்திருந்தால் பொருந்தாத திருப்புளி விளையாடியிருக்கிறது. கிரவுன் தண்டு நுழையும் இடத்தைச் சுற்றி உற்றுப் பாருங்கள். கடற்கரை ஊர்களில் வியர்வையும் ஈரமும் முதலில் நுழைவது அந்த வழியாகத்தான். துரு அங்கே மட்டும் இருந்தால் ஓரிரு உறுப்பு மாற்றினால் போதும். இடவலமாக ஆடி நேரத்தை அளக்கும் சக்கரமான பேலன்ஸ் வீலின் மயிர்ச்சுருளில், அதாவது ஹேர்ஸ்பிரிங்கில், ஒரு புள்ளி துரு இருந்தாலும் விலகிவிடுங்கள். மூடியின் உட்புறத்தில் வட்டமாகக் கீறல் தெரிகிறதா? தானாகச் சாவி ஏற்றும் ரோட்டாரின் அச்சு தேய்ந்து, அது ஆடி உரசியிருக்கிறது. இந்தக் குடும்ப மெஷின்களில் அடிக்கடி வரும் பழுது இது. சரி செய்ய முடியும். ஆனால் அதைக் கவனிக்காமல் விட்ட வாட்ச்சுக்கு "சர்வீஸ் முடிந்தது" என்ற பேச்சு செல்லாது.

சர்வீஸ் உண்மையா என்று அறிய டைம்கிராஃபர் என்ற கருவி போதும். இன்று நல்ல மெக்கானிக்குகள் பலரிடம் இருக்கிறது. வாட்ச்சுக்கு முழுச் சாவி கொடுத்து, மணிக்கு 19,800 துடிப்பு, லிஃப்ட் ஆங்கிள் என்ற இடத்தில் 49 பாகை என்று கருவியை அமைக்கச் சொல்லுங்கள். திரையில் மூன்று எண் வரும். ஒரு நாளைக்கு எத்தனை வினாடி முன்பின் ஓடுகிறது என்ற எண்ணைத்தான் விற்பவர் காட்டுவார். அதை நம்ப வேண்டாம். ஒரு சிறு நெம்புகோலைத் தள்ளி நோயாளி மெஷினையும் பூஜ்யத்தில் நிறுத்திவிடலாம். பேலன்ஸ் வீல் எத்தனை பாகை வீசி ஆடுகிறது என்ற இரண்டாவது எண்ணைப் பாருங்கள். டயல் மேல்நோக்கி இருக்கும்போது 270 முதல் 300 பாகை வந்தால் மெஷின் ஆரோக்கியம். செங்குத்தாக நிறுத்தும்போது முப்பது நாற்பது பாகை குறைவது இயல்பு. முழுச் சாவியிலேயே 220-க்குக் கீழே என்றால் எண்ணெய் காய்ந்திருக்கிறது அல்லது சாவியின் விசையைச் சேமிக்கும் மெயின்ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, சர்வீஸ் நடக்கவில்லை. மூன்றாவது எண், இடவலத் துடிப்பின் வித்தியாசம், ஒரு மில்லிவினாடிக்குள் இருந்தால் போதும். காய்ந்த எண்ணெயோடு வருடக்கணக்கில் ஓடிய மெஷினில் உலோகத்தூளே அரமாக மாறித் தண்டுகளைத் தின்றுவிடும். அப்புறம் சுத்தம் செய்து எண்ணெய் விட்டாலும் பழைய வீச்சு திரும்பாது. ஓடாமல் கிடந்த வாட்ச்சைவிட, சர்வீஸ் இல்லாமல் ஓடிய வாட்ச்தான் பல சமயம் மோசமாக இருக்கிறது.

கருவி இல்லாவிட்டால் ஒரு நாள் இரவல் கேளுங்கள். கிரவுனை நிதானமாக முப்பது நாற்பது சுற்று சுற்றும்போது கரகரப்பு இருக்கக் கூடாது. போன் நேரத்தோடு வினாடி சுத்தமாகக் குறித்து, டயல் மேல்நோக்கி 24 மணி நேரம் வையுங்கள். பிறகு கிரவுன் கீழ்நோக்கி இன்னொரு 24 மணி நேரம். இரண்டு நாளின் வித்தியாசம் 20 வினாடிக்குள் அடங்கினால் நல்ல அறிகுறி. புதிய வாட்ச்களில் ஸ்விஸ் குரோனோமீட்டர் சான்றுக்கான வரம்பு நாளுக்குச் சராசரியாக 4 வினாடி பின்னடைவு முதல் 6 வினாடி முன்னோட்டம் வரை. சான்று பெறாத அறுபது வயது வாட்ச்சிடம் அதைக் கேட்பது நியாயமில்லை. 15 வினாடிக்குள் நின்றாலே மெச்சலாம். சாவி முழுதும் இறங்கி நிற்க இந்த மெஷின்களுக்கு 50 மணி நேரம் வாக்கில் ஆக வேண்டும். 30 மணியில் நின்றுவிட்டால் மெயின்ஸ்பிரிங் செலவு காத்திருக்கிறது. ஒரு நாளைக்கு நிமிடக்கணக்கில் முந்தி ஓடினால் பயப்படாதீர்கள். பெரும்பாலும் காந்தம் ஏறியிருக்கும். ஒரு திசைகாட்டியை அருகே கொண்டுபோனால் ஊசி ஆடும். காந்தநீக்கியில் சில வினாடி வேலை. விற்பவருக்கு அது தெரியாவிட்டால் விலையைக் குறைக்க உங்களுக்குக் கிடைத்த பிடி.

கேஸில் பார்க்க வேண்டியது விளிம்பு. பட்டையைப் பிடிக்கும் நான்கு கொம்புகளின் ஓரங்கள் ஆலையில் கூராக வெட்டப்பட்டவை. பஃப் சக்கரத்தில் பாலிஷ் போடப் போட அவை சோப்புக்கட்டிபோல உருண்டுவிடும். பின்மூடியில் பொறித்த கடற்குதிரைச் சின்னம் மழுங்கியிருந்தாலும் இதே கதைதான். கீறல் விழுந்த ஆனால் கூரான கேஸ், பளபளக்கும் உருண்ட கேஸைவிட மேல். கீறலை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், தேய்ந்த உலோகத்தைத் திரும்ப வைக்க முடியாது.

உங்களுடையது எஃகு. இருந்தாலும் இதே விற்பனையாளர் தங்கமும் காட்டினால் ஒரு வார்த்தை. மைக்ரான் கணக்கில் முலாம் பூசியதும், தங்கத் தகடு போர்த்திய கேஸும், முழுத்தங்கமும் படத்தில் ஒரே மாதிரி இருக்கும். அந்தக் கால ஸ்விஸ் முழுத்தங்கத்தில் 18 காரட்டுக்கு 0.750 என்ற எண்ணும் ஹெல்வெஷியா என்னும் பெண்ணின் தலை முத்திரையும், 14 காரட்டுக்கு அணில் முத்திரையும் மூடிக்குள் இருக்கும். கேஸ் மட்டும் 14 கிராம் எடை, 18 காரட் என்றால் அதில் சுத்தத் தங்கம் 10.5 கிராம். அன்றைய தங்க விலையால் பெருக்கினால் அந்த வாட்ச் எந்த நிலையிலும் இறங்காத அடிவிலை கிடைத்துவிடும். எஃகு வாட்ச்சுக்கு இப்படி ஓர் அடித்தளம் கிடையாது.

இனி விலை. தரமும் விலையும் ஒன்றையொன்று பின்தொடர்வதில்லை என்பதை மனதில் வைக்காமல் இந்தச் சந்தையில் இறங்கக் கூடாது. நடிகர் பால் நியூமேன் அணிந்த ரோலெக்ஸ் டேடோனா 2017-இல் நியூயார்க்கில் 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. அதற்குள் ஓடுவது வால்ஜூ 72 என்ற மெஷின் குடும்பம். வேறு பல நிறுவனங்களும் அதையே வாங்கிப் பயன்படுத்தின. 1988-இல் வந்த தானியங்கி டேடோனாவிலும் 2000 வரை ஜெனித் நிறுவனத்தின் எல் பிரிமேரோ மெஷினைத்தான் மாற்றியமைத்து வைத்தார்கள். அந்த விலையை உண்டாக்கியது மெஷின் இல்லை. டயலின் அபூர்வமும் அதை அணிந்தவரின் பெயரும். உங்கள் சீமாஸ்டர் இதற்கு நேர் எதிர்ப்பக்கம்: மெஷின் மிக நல்லது, ஆனால் ஏராளமாகத் தயாரானது. அபூர்வம் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். இப்படித் தாராளமாகக் கிடைக்கும் மாடலில் விலையைத் தீர்மானிப்பது அசல் டயலும் தேயாத கேஸும்தான். மறுபூச்சு டயல் என்று உறுதியானால், அசல் டயலோடு போகும் விலையில் பாதிக்கு மேல் நான் கொடுக்கச் சொல்ல மாட்டேன். இது என் கணிப்பு, சட்டமில்லை. நேரம் பார்க்கவும் ரசிக்கவும் மட்டும் வாங்குகிறீர்கள் என்றால் நல்ல மெஷினோடு மறுபூச்சு டயலும் தவறில்லை, அந்த விலைக்கு வாங்கும்வரை.

விலையை ஒப்பிடும்போது குரோனோ24 போன்ற தளங்களில் எழுதியிருப்பது விற்பவர் கேட்கும் விலை என்பதை மறக்காதீர்கள். அதே பட்டியல் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வசதி உண்டு. உங்கள் மாடல் எண்ணைப் போட்டு, அதே டயல் வகை, அதே உலோகம் என்று ஐந்தாறு விற்பனைகளை எடுத்து நடுவில் நிற்பதைப் பிடியுங்கள். அதிலிருந்து உள்ளூர் மெக்கானிக் சொல்லும் முழு சர்வீஸ் கட்டணத்தைக் கழியுங்கள், டைம்கிராஃபர் 270 காட்டினால் ஒழிய. வெளிநாட்டு விற்பனை விலையோடு சுங்கமும் அனுப்பும் செலவும் சேரும் என்பதால் இங்கே நேரில் பார்த்து வாங்குவதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது நியாயமே.

இவ்வளவு பார்த்தாலும் ஓர் எல்லை இருக்கிறது. முன்பக்கப் படம் ஒன்றை வைத்து டயல் மறுபூச்சு என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. சந்தேகத்துக்கு இடம் இருக்கிறது என்று மட்டுமே சொல்கிறேன். டயலைக் கழற்றிப் பின்பக்கத்தையும் அதை மெஷினில் பொருத்தும் சிறு கால்களையும் பார்த்தால்தான் உறுதி. கால் உடைந்து பசையால் ஒட்டியிருந்தால் கதை முடிந்தது. ஒரே காலத்து அசல் உறுப்புகளைப் பல வாட்ச்களிலிருந்து சேர்த்துக் கட்டியிருந்தால் நேரில் பார்த்தும் பிடிபடாமல் போகலாம். 2021-இல் ஜெனீவா ஏலத்தில் 31 லட்சம் பிராங்குக்கு மேல் போன ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று அப்படிச் சேர்த்துக் கட்டியது என்று ஒமேகாவே 2023-இல் அறிவித்தது. அந்த அளவு உழைப்பை ஒரு சாதாரண எஃகு சீமாஸ்டரில் யாரும் போடுவதில்லை என்பது உங்களுக்குச் சாதகம். இங்கே நடக்கும் கலப்படம் அவசரமாகச் செய்தது, அதனால் லென்ஸுக்குத் தப்பாது.

ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டியவை: மூடியின் உட்புறம், மெஷின், டயலின் ஆறு மணிப் பகுதி, கொம்புகளின் பக்கவாட்டு, இந்த நான்கின் நெருக்கப் படங்கள், பிறகு ஒரு மெக்கானிக் கடையில் சந்திப்பு. இரண்டுக்கும் சம்மதித்தால் மேலே போகலாம். வாங்கிவிட்டால், சர்வீஸுக்குக் கொடுக்கும்போதே "கேஸுக்குப் பாலிஷ் வேண்டாம், டயலைத் துடைக்க வேண்டாம், கழற்றிய பழைய உறுப்புகளை உறையில் போட்டுத் திருப்பித் தாருங்கள்" என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். பின்மூடியில் கடற்குதிரை இருந்தாலும் நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையங்கள் எப்போதோ இறுகிப்போயிருக்கும். புதிது போட்டுச் சோதித்த பிறகும் கை கழுவும்போது கழற்றி வைத்துவிடுங்கள்.